கென்மொத்சுவின் இடக்கை

அலைகடல் அணைத்துக் காக்கும் அவாஜித் தீவிலே, ஃபுகுரா துறைமுகத்து மண்டபத்திலே, இந்த அவைக்குத் தலைமை ஏற்று, வந்தவர் அத்தனை பேருக்கும் தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டுத் தம் கோப்பையை மட்டும் ஆறவிட்டு அமர்ந்திருக்கும் மீனவர் சங்கத் தலைவர் ஒகிதா அவர்களே! மீனவர் தெய்வம் எபிசுவின் சன்னதிப் பூசகர் அவர்களே! முப்பது ஆண்டுகள் எங்கள் மரப் பொம்மைகளுக்கு மனிதக் குரல் கொடுத்து, குரல் கம்மிய பிறகும் முதல் வரிசையில் முதுகு வளையாமல் வீற்றிருக்கும் பாட்டாசான் தோகுதாயூ அவர்களே! வலை இழுத்த ஈரம் காயாமல் வந்திருக்கும் தோழர்களே! வெங்காய நாற்றை வரப்பில் வைத்துவிட்டு வந்திருக்கும் வேளாண் பெருமக்களே! பெற்று வளர்த்த பிள்ளைகளைக் கடலுக்கும் கொடுத்து, காற்றுக்கும் கொடுத்து, கண்ணீரை மட்டும் கையில் வைத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் பொம்மைக்காரன் நகானிஷி உமெகிச்சியின் தலைதாழ்ந்த வணக்கம்.

தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘விசுவாசத்தின் பெருமை’. கொடுத்த நேரம் பத்து நிமிடம். தலைவர் அவர்களே, எங்கள் மேடையில் ஒரு சாமுராய் தன் வயிற்றைக் கிழித்துக்கொள்ளவே நாற்பது நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் அவன் இடைக்கச்சையைக்கூட அவிழ்த்திருக்க மாட்டான். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிக்கும்படியாக என்னிடம் இருந்தது இது ஒன்றுதான். இனி வருவது வேறு.

இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்த மேடையில் ‘பனிவாயில் சபதம்’ ஆடப்போகிறோம். போரில் தோற்ற பிறகு, வென்றவர்கள் விசுவாசக் கதைகளை ஆடாதே என்றார்கள். பிறகு ஆடிக்கொள் என்றார்கள். ஆனாலும் இந்த ஊர் இந்த நாடகத்தைத் தொடவில்லை. பதினான்கு ஆண்டுகள் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்பது இங்கே பலருக்குப் பாதி தெரியும். பாதி தெரியும் என்றுதான் சொல்கிறேன். மீதிப் பாதி எனக்கு மட்டும் தெரியும்.

அந்த நாடகத்தின் நாயகன் கென்மொத்சு. யார் இந்தக் கென்மொத்சு? பிரபுவின் வாரிசு அரச முத்திரையைத் தொலைத்தான். தொலைத்தது நானே என்று தலை குனிந்தவன் கென்மொத்சு. பிரபுவின் குலம் வாழத் தன் குலம் வீழச் சம்மதித்தவன் கென்மொத்சு. பனி பெய்யும் வாயிலிலே, வெள்ளை உடுத்தி, வாளை எடுத்து, வலியை விழுங்கி, வாய் திறவாமல் மாண்டவன் கென்மொத்சு! இந்தத் தீவில் எத்தனை தலைமுறை அவனுக்காக அழுதிருக்கிறது! நம் பிள்ளைகள் நடக்கப் பழகுமுன் அவனைப் போல மண்டியிடப் பழகினார்களே! அவனைப் பார்த்து அழுதோம். அவனைப் போல் இருக்க ஆசைப்பட்டோம். அதிலே தவறு என்ன என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த ஊரில் நின்று பொம்மையாட்டத்தை விளக்குவது மீனுக்கு நீச்சல் சொல்லித் தருவது. ஆனாலும் கோபே நகரத்திலிருந்து விருந்தினர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலையையும் வலக்கையையும் பிடிப்பவர் முதல்வர். முகம் காட்டி நிற்பார். கால்களைப் பிடிப்பவன் ஒருவன். இடக்கையைப் பிடிப்பவன் ஒருவன். இருவரும் கறுப்புத் துணிக்குள் ஒளிந்தவர்கள். தட்டியில் எங்கள் பெயர் இருக்காது. பத்து வருடம் கால். அதன் பிறகுதான் இடக்கை. அந்த இடக்கைக்காரன் எதைப் பார்த்து ஆடுவான்? பொம்மையின் தோளைப் பார்த்து ஆடுவான். முதல்வர் மனத்தில் நினைத்ததும் பொம்மையின் இடத்தோள் ஓர் அரிசியளவு அசையும். முன்னே வந்தால் கையை நீட்டு. பின்னே போனால் கையை இழு. இறங்கினால் கையை மடியில் வை, அசையாதே. எங்கள் தொழிலில் அதற்குக் குறி என்று பெயர். சபைக்குத் தெரியாது, பாடுபவருக்குத் தெரியாது, கால் பிடிப்பவனுக்கும் தெரியாது. இருவருக்கு மட்டுமே தெரிந்த பேச்சு அது.

அந்தப் பேச்சை என்னோடு இருபத்திரண்டு ஆண்டுகள் பேசியவர் இசோபே தமெசோ. நான் அண்ணன் என்று அழைத்தவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நாக்கில் மட்டும் எப்போதும் இளையவர். நான் இடக்கையை முதன்முதலாகப் பிடித்த நாளில் ஒத்திகையை நிறுத்திவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்:

“ஏண்டா உமெ, ஒன் கை என்ன கரையில தூக்கிப் போட்ட கணவா மீன் மாதிரி கெடக்கு? அவன் சாமுராய்டா. சோத்துக்குக் கை ஏந்துறவன் இல்ல.”

அவருடைய மனைவி ஹாட்சுனோ அண்ணி அதற்கும் மேலே. ஒத்திகை முடிந்து நான் தினமும் அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுவேன். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் அண்ணி சொல்வார்களாம், எங்க வீட்டுக்காரருக்கு எடக்கை ஒண்ணு பத்தலன்னு கூட ஒண்ணு வச்சிருக்காரு, அதுக்கும் சேத்து நான்தான் உலை வைக்கிறேன் என்று. அண்ணி அதோ பெண்கள் பக்கத்தில், மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடித்து, துக்க உடையை மடித்து வைத்துவிட்டு, இன்று பொம்மைக்கு ஊதுவத்தி ஏற்ற வந்திருக்கிறார்கள். ஆம், விருந்தினர்களே. தமெசோ அண்ணன் இந்தச் செப்டம்பரில் காலமானார். நான் இன்று பேசுவதற்குக் காரணமும் அதுதான். பேசத் தாமதித்ததற்கான தண்டனையும் அதுதான்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை. சுனெயோஷி. பத்தொன்பது வயதில் கடற்படை விமானப் பயிற்சிக்குப் போனான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு, நவம்பர் மாதம், நான்கு நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தான். இரண்டாம் நாள் சாப்பிடும்போது தகப்பனிடம் ஒன்று சொல்லியிருக்கிறான். பிற்பாடு அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“போனதும் ஒரு தாள் குடுப்பாங்களாம்பா. திரும்பி வராத விமானத்துல போறியா, இல்லையான்னு எழுதிக் குடுக்கணும். நான் இன்னும் முடிவு பண்ணல.”

தமெசோ அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? “சாப்பிடு. சோறு ஆறுது.” அவ்வளவுதான் சொன்னார்.

தாய்மார்களே, அவரைக் குறை சொல்லாதீர்கள். அந்த நாட்களில் எந்தத் தகப்பன் வேறு சொல் சொன்னான்? போகாதே என்ற சொல்லை எந்த வீட்டில் யார் உச்சரிக்க முடிந்தது? சுவருக்குக் காது இருந்தது; காதுக்குப் பக்கத்தில் வாய் இருந்தது; வாய்க்குப் பக்கத்தில் காவல் நிலையம் இருந்தது. நம் பிள்ளைகளைப் பார்த்து நாமே கொடி அசைத்தோம். அசைத்த கையை இன்று எங்கே ஒளித்துவைப்பது?

மறுநாள், எபிசு சன்னதி மைதானத்தில், படைக்குப் போகும் பதினொரு இளைஞர்களுக்கு வழியனுப்பு விழா. பட்டப்பகல். பந்தல் போட்டு ஆட்டம். ஆடவேண்டிய நாடகம் எது என்று மேலிடத்திலிருந்தே சொல்லியிருந்தார்கள்: பனிவாயில் சபதம். முன்வரிசையில் போலீஸ் அதிகாரி, முழங்காலில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைதானத்து ஓரத்தில் தேவதாருவுக்குக் கீழே சுனெயோஷி சீருடையில் நின்றிருந்தான். கூட்டத்தில் அவனுக்கு மட்டும் உட்காரத் தோன்றவில்லை போலிருக்கிறது. கறுப்புத் துணிக்குள்ளிருந்து நான் பார்த்தேன்.

வெள்ளுடையில் கென்மொத்சு வந்தான். வணங்கினான். மண்டியிட்டான். மேலாடையைத் தோளிலிருந்து இறக்கினான். எதிரில் மரப்பீடம், பீடத்தின்மேல் வெள்ளைத்தாள் சுற்றிய குத்துவாள். “வலக்கையால் வாளெடுத்தான்” என்று பாட்டாசான் பாடினார். மூன்று தந்தி வாத்தியம் ஒரே ஒரு அடி அடித்து நின்றது.

வலக்கை எழவில்லை.

பாட்டாசான் மறுபடியும் பாடினார், வலக்கையால் வாளெடுத்தான். வலக்கை எழவில்லை. மறந்துவிட்டாரோ என்று மூன்றாவது முறையும் பாடினார். தோகுதாயூ அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். மூன்று முறை பாடினீர்களா இல்லையா? பாருங்கள், தலையசைக்கிறார்கள். மூன்று முறை. கென்மொத்சுவின் வலக்கை மடியிலேயே கிடந்தது. அவன் தலை மட்டும் மெல்லத் திரும்பியது. பீடத்தை விட்டு, வாளை விட்டு, முன்வரிசையை விட்டு, மைதானத்து ஓரத்துத் தேவதாருவைப் பார்த்துத் திரும்பியது. அந்த மரத்தலைக்குப் பின்னால் தமெசோ அண்ணனின் முகம், அதுவும் அதே பக்கம் திரும்பியிருந்தது.

வீட்டில் சொல்லமுடியாததை ஒரு மனிதன் ஊரின் நடுவில் சொல்லிக்கொண்டிருந்தான்! வாயால் சொல்லமுடியாததை மரத்தால் சொல்லிக்கொண்டிருந்தான்! சாகாதே என்று சொன்னான்! வந்துவிடு என்று சொன்னான்! எந்தப் பிரபுவும் வேண்டாம், எந்தப் பெருமையும் வேண்டாம், நீ வேண்டும் என்று சொன்னான்! ஆயிரம் பேர் நடுவில் ஒருவனுக்கு மட்டும் சொன்னான்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. போலீஸ் அதிகாரி, எழுந்து ஆட்டத்தை நிறுத்தப்போகிறவர் போல, தொப்பியைக் கையில் எடுத்தார்.

அப்போது கென்மொத்சுவின் இடக்கை எழுந்தது. பீடத்துக்குப் போனது. வாளை எடுத்தது. வயிற்றில் இறக்கியது.

அந்தக் கை என் கை.

கென்மொத்சுவை எத்தனையோ முறை எத்தனையோ பேர் ஆடியிருக்கிறார்கள். இடக்கையால் வயிறு கிழித்த கென்மொத்சுவை அதுவரை யாரும் பார்த்ததில்லை. மைதானம் முழுவதும் கை தட்டினார்கள். அடடா, எப்பேர்ப்பட்ட கைதட்டல்! கண்ணீரோடு தட்டினார்கள். பாட்டாசான் பிடித்துக்கொண்டு பாடினார். பொம்மை உயிர்போய்ச் சரிய வேண்டும். தலையைச் சாய்ப்பது முதல்வரின் வேலை. தமெசோ அண்ணன் சாய்த்தார். வேறென்ன செய்வார்? கத்தி இறங்கிய உடம்பை எவ்வளவு நேரம் நிமிர்த்திப் பிடிக்க முடியும்?

திரை விழுந்ததும் அதிகாரி உள்ளே வந்தார். புதுமையான உத்தி, உணர்ச்சிகரமாக இருந்தது என்று பாராட்டினார். சிகரெட் பெட்டியை நீட்டினார். எடுத்துக்கொண்டேன். தமெசோ அண்ணன் பொம்மையை அதன் தாங்கியில் சாத்தினார்; மரப் பாதக்குறடுகளைக் கழற்றினார்; என் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

“ஒன் கை இன்னைக்கு நல்லா ஓடுச்சு, உமெ.”

அதற்குப் பிறகு என்னோடு அவர் பேசவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் தோளால் பேசிய மனிதர், ஒரே ஊரில், ஒரே கடைத்தெருவில், எதிரே வந்தால் விலகி நடந்தார். ஒரு மாதத்தில் பொம்மையை விட்டுவிட்டு வெங்காய வயலுக்குப் போனார். ஏன் போனார் என்று ஊர் கேட்டது. முதுகுவலி என்றார்.

சுனெயோஷி அடுத்த வசந்தத்தில் போனான். தெற்கே, கடலுக்கு மேலே. உடல் வரவில்லை. ஒரு துணி மூட்டை வந்தது. அதில் ஒரு கடிதம். அதைத் தமெசோ அண்ணன் படித்துவிட்டுக் குலதெய்வ மாடத்தில் வைத்தாராம். அண்ணி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். கடிதத்தில் இருந்ததை நான் மறக்க முடியாது, மறக்க முயன்றிருக்கிறேன்.

‘அப்பா, எங்களுக்கு அந்தத் தாளைக் கொடுத்தார்கள். எழுதுகோலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது உங்கள் கென்மொத்சு நினைவுக்கு வந்தான். வலக்கை தயங்கினாலும் இடக்கை தன் கடமையைச் செய்ததே, அந்தக் காட்சி. எனக்காகத்தான் அப்படி ஆடினீர்கள் என்று புரிந்துகொண்டேன். என் தயக்கமும் தீர்ந்தது. சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.’

அழாதீர்கள், தாய்மார்களே. நான் முடிக்க வேண்டும்.

அண்ணி கடிதத்தை மடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

“அன்னைக்கு எடக்கை ஏன் போச்சு, தம்பி?”

நான் சொன்னேன், போலீஸ்காரன் தொப்பியை எடுத்துட்டான் அண்ணி, அண்ணனை இழுத்துட்டுப் போயிடுவானேன்னுதான் முடிச்சு வச்சேன் என்று. அண்ணி என்ன செய்தார்கள்? பாயில் நெற்றி படும்படி குனிந்து எனக்கு நன்றி சொன்னார்கள். போகும்போது ஒரு துணியில் நான்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கை முடிந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஊரே பட்டினி கிடந்த வருடம் அது. அந்தக் கிழங்கை நாங்கள் அவித்துத் தின்றோம். இனிப்பாக இருந்தது.

ஆண்டுகள் போயின. நான் இடக்கையிலிருந்து முதல்வனாக உயர்ந்தேன். முகம் காட்டி நின்றேன். தட்டியில் பெயர் வந்தது. காதல் கதை ஆடினோம், பேய்க் கதை ஆடினோம், நரி பெண்ணான கதை ஆடினோம். இந்த மே மாதம் குழு கூடி, பனிவாயிலை மறுபடி எடுப்போம் என்று முடிவு செய்தது. என் மனம் கேட்கவில்லை. அண்ணனிடம் அனுமதி கேட்கப் போனேன். அறுவடை நேரம், வயலில் குனிந்திருந்தார்.

“அண்ணே” என்றேன்.

“யாரு, உமெயா? ஓரமா நில்லு. வெங்காயத்துல வெயில் படட்டும்.”

பதினான்கு ஆண்டு மௌனம் அப்படி உடைந்தது. ஓரமாக நின்று விஷயத்தைச் சொன்னேன். ஆடுங்க, பொம்மை என்ன பாவம் பண்ணுச்சு என்றார். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

“ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அன்னைக்கு நான் ஒனக்குக் குறி குடுக்கல. கைய நிறுத்தணும், பையனப் பாக்கணும்கிற நெனப்புல தோள மறந்துட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல அந்த ஒரு தடவைதான். எடக்கைக்காரங்கிட்டச் சொல்லாம வலக்கைய நிறுத்துனா அவன் என்ன பண்ணுவான்? ஆட்டத்த முடிச்சு வப்பான். அதத்தான் நீ பண்ணுன. தப்பு என்னுது. அது புரியாம ஒம்மேல கோவத்த வச்சிக்கிட்டு இத்தன வருஷம் போக்கிட்டேன்.”

சொல்லிவிட்டு, அறுபத்தைந்து வயது மனிதர், வரப்பு மண்ணில் கையூன்றி எனக்குத் தலைகுனிந்தார்.

நானும் குனிந்தேன். சரி அண்ணே, விடுங்க அண்ணே என்றேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பின்வரிசையிலிருந்து யாரோ, “அதான் அவரே மன்னிச்சிட்டாரே, விடுங்க” என்கிறீர்கள். அன்பான சொல். ஆனால் அவர் மன்னித்தது எதை? நடக்காத ஒன்றை மன்னித்தார். நடந்ததை இப்போது சொல்கிறேன். என் வீட்டில் சொல்லாததை, கோயிலில் சொல்லாததை, அந்த வரப்பில் சொல்லியிருக்க வேண்டியதை, இந்த மேடையில் சொல்கிறேன்.

அவர் குறி கொடுத்தார்.

தோள் இறங்கியது. பாட்டாசான் இரண்டாவது முறை பாடும்போது இறங்கியது. இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். மனம் மறந்தாலும் உடம்பு மறக்குமா? அவருக்கே தெரியாமல் அவர் கை குறி கொடுத்தது. கையை மடியில் வை, அசையாதே என்று தெளிவாகச் சொன்னது. எனக்குப் புரிந்தது. சுனெயோஷி எங்கே நிற்கிறான் என்பதும் தெரிந்தது. யாருக்காக இந்த வலக்கை நிற்கிறது என்பதும் புரிந்தது. புரிந்தும் எடுத்தேன்.

ஏன் எடுத்தேன்? அண்ணனைக் காப்பாற்றவா? இல்லை. அந்தக் காரணத்தை நான் பிற்பாடு உண்டாக்கிக்கொண்டேன், அண்ணிக்குச் சொல்வதற்காக. அதிகாரியின் கை தொப்பிக்குப் போனதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: மூன்று பேரையும் சேர்த்தல்லவா பிடிப்பார்கள், என்னையுமல்லவா பிடிப்பார்கள். அது பயம். வெறும் பயம். கறுப்புத் துணிக்குள் ஒளிந்திருந்தவனுக்கே பயம். முகம் காட்டி நின்றவருக்கு இல்லை. அந்தப் பயத்துக்கு நான் விசுவாசம் என்று பெயர் வைத்தேன். நாடகத்துக்கு விசுவாசம் என்றேன். நாட்டுக்கு விசுவாசம் என்றேன். அண்ணனுக்கு விசுவாசம் என்றேன். பெயர் வைக்க வைக்க அது பெரிதாகிக்கொண்டே போனது.

தலைவர் அவர்களே, விசுவாசத்தின் பெருமையைப் பேசச் சொன்னீர்கள். நான் எப்படிப் பேசுவேன்? யாருக்கு விசுவாசம் என்று ஒருநாளாவது கேட்டோமா? தூரத்தில் இருந்த பிரபுவுக்கு விசுவாசமாக இருந்தோம். தோளோடு தோள் நின்றவனுக்கு இருந்தோமா? முகம் தெரியாதவனுக்கு உயிர் கொடுத்தோம். சோறு போட்டவர்களுக்கு ஓர் உண்மை கொடுத்தோமா? எடு என்று ஆயிரம் பேர் சொன்னார்கள். வேண்டாம் என்று ஒரே ஒருவர் சொன்னார். அந்த ஒருவரின் கையாக இருப்பதுதான் என் வேலை. அந்த ஒரே ஒரு வேலையைத்தான் நான் செய்யவில்லை!

மே மாதத்தில் வரப்பிலிருந்து திரும்பிய நாளே மறுநாள் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் மழை. ஜூனில் வெங்காயம் ஏற்றுமதி, வேலையாக இருப்பார் என்று நினைத்தேன். ஆகஸ்டில் முன்னோர் திருநாள், அன்றைக்குப் போய் இதைச் சொல்வதா என்று நினைத்தேன். செப்டம்பரில் போனேன். முகத்தில் வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள்.

தட்டியில் ‘கென்மொத்சு: நகானிஷி உமெகிச்சி’ என்று எழுதியிருக்கிறார்கள். அதை அடித்துவிடச் சொல்லியிருக்கிறேன். தலையை வேறொருவர் பிடிப்பார். இன்று நான் கால் பிடிக்கிறேன். அந்தப் பொம்மையின் கைகள் எதையும் இனி நான் தொடமாட்டேன்.

ஹாட்சுனோ அண்ணி... அண்ணி எழுந்துவிட்டார்கள். வழி விடுங்கள் அம்மா, போகட்டும். யாரும் தடுக்காதீர்கள். போக அவர்களுக்கு உரிமை உண்டு.

இல்லை. போகவில்லை. ஏதோ கேட்கிறார்கள். கொஞ்சம் அமைதியாக இருங்கள். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். “தோள் எறங்குச்சா?” என்று கேட்கிறார்கள்.

எறங்குச்சு அண்ணி.

“நீயா இப்பக் கட்டிச் சொல்லலையே?”

இல்ல அண்ணி. எடத்தோளு. ஒரு தடவை எறங்கி, அப்படியே நின்னுச்சு. நான் வாளை எடுக்குற வரைக்கும் மேல வரல.

அண்ணி சொல்கிறார்கள்: “பையங்கிட்டச் சரியாச் சொல்லாம விட்டுட்டேனேன்னு சாகுற அன்னைக்குக்கூடப் பொலம்புனாரு. அப்ப, அவரு எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்காரு.”

சரியாத்தான் சொன்னாரு அண்ணி. ரொம்பத் தெளிவாச் சொன்னாரு. நாந்தான் கேக்கல.

அண்ணி உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் தாய்மார்கள் கொஞ்சம் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த பத்து நிமிடத்தைத் தாண்டி நெடுநேரம் எடுத்துக்கொண்டேன்; பொறுத்தருளிய தலைவர் அவர்களுக்கு நன்றி. இதை எல்லாம் கேட்டும் என்னை இறக்கிவிடாத பெரியோர்களுக்கு நன்றி. ஆட்டம் தொடங்க நேரமாகிவிட்டது. நான் போய்க் கறுப்புத் துணியைப் போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் பிள்ளைகள் உங்கள் வீட்டில் நலமாக இருக்கட்டும். வணக்கம்.